கல்லிலிருந்து தொடங்குங்கள்: லீசெஷீல் என்ற சின்ன ஊரைப் படிக்கும் வழி

ஸ்வீடனின் மேற்குக் கரையைச் சுற்றிப் பார்க்க வரும் உறவினர்களையும் நண்பர்களையும் எத்தனையோ கோடைகளில் அழைத்துப் போயிருக்கிறேன். படகுத்துறையில் நாலு படம், இறால் வைத்த ரொட்டி ஒன்று, ஐஸ்கிரீம், அப்புறம் திரும்பும் பஸ். "அழகான ஊர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்கு அடியில் நாற்றமடித்த மீனெண்ணெய்க் கொப்பரைகள் இருக்கின்றன. கல்தூளில் கெட்டுப்போன நுரையீரல்கள் இருக்கின்றன. நடுராத்திரியில் எழுந்து போய் மீன் டப்பா நிரப்பிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்காமல் யாரும் போகக்கூடாது என்று எனக்குப் படுகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 11 வருடங்களாக லீசெஷீலில் குடியிருக்கிறேன். கோதன்பர்க்கிலிருந்து வடக்கே சுமார் 110 கிமீ. பஸ்ஸில் 2 மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஊருக்குள் 8,000 பேர்கூட இல்லை. கணவருக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. எனக்கு வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு உதவும் வேலை. வேலை நேரத்தில் கேட்டது எதையும் நான் வெளியே சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். இங்கே வருவதெல்லாம் நானாக நடந்து பார்த்தது, புத்தகத்திலும் ஆவணத்திலும் படித்தது, அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டி தன் சமையலறையில் உட்கார்ந்து, எழுதலாம் என்று அனுமதி கொடுத்துச் சொன்னது.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நடங்கள். இந்த ஊருக்கு எத்தனையோ தொழில்கள் வந்தன, கொழுத்தன, போயின. கல் மட்டும் அப்படியே இருக்கிறது. வந்த ஒவ்வொரு தொழிலும் அந்தக் கல்லைத் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டது. ஒன்று அதன் மேல் மீன் காய வைத்தது. ஒன்று அதை உடைத்து விற்றது. ஒன்று அதன் மேல் மாளிகை கட்டியது. கடைசியாக வந்தது உள்ளே குடைந்து கச்சா எண்ணெய் ஊற்றியது. ஆகவே அருங்காட்சியகத்தில் தொடங்காதீர்கள். கல்லில் தொடங்குங்கள்.

முதலில் பெயர்

எழுத்தைப் பார்த்துவிட்டு "கில்" என்று முடிக்காதீர்கள். இங்கே "ஷீல்" என்பார்கள். ஷீல் என்றால் ஆப்பு. நிலத்துக்குள் ஆப்பு மாதிரி நுழையும் குறுகிய கடல்வாய்க்கும் அதே சொல்தான். லீசே என்பது பழைய திருச்சபைப் பங்கின் பெயர். லீசேயின் ஆப்பு, லீசெஷீல். பிற்காலத்தில் இதே ஊர் ஆப்பு அடித்துக் கல்லைப் பிளந்து பிழைத்தது என்பது தெரிந்த பிறகு, எனக்கு அந்தப் பெயரைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

இந்தக் கரையை பூஹுஸ்லேன் என்கிறார்கள். 1658-ல் ரோஸ்கில்டே உடன்படிக்கை ஆகும் வரை இது டென்மார்க் மன்னருக்குக் கீழே இருந்த நார்வேயின் பகுதி. லீசெஷீல் 1836-ல் வணிக உரிமை உள்ள சிற்றூராகி, 1903-ல்தான் முழு நகரமானது. பழைய ஊர்தான், ஆனால் நகரம் என்ற அந்தஸ்து புதிது. இந்த இரண்டு வருடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், கட்டடங்களின் வயதைக் கணிக்க உதவும்.

ஸ்டோங்கெஹூவுட்: இரண்டு விதமான தழும்பு

ஊரின் மேற்கு முனையில் ஸ்டோங்கெஹூவுட் என்ற பாறை மேடு இருக்கிறது. இயற்கைக் காப்பிடம். காலையிலேயே போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் கல்லின் மேல் இருக்கும் கோடுகள் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சமமாகத் தெரியும். ரப்பர் அடி உள்ள காலணி வேண்டும். தண்ணீர் ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை ஓடும், அதில் மட்டும் கால் வைக்காதீர்கள். ஈரமாக இருந்தால் சோப்பு மாதிரி வழுக்கும்.

இந்த கிரானைட்டுக்கு வயது ஏறத்தாழ 92 கோடி ஆண்டுகள். கிட்டப் போய்ப் பாருங்கள். இளஞ்சிவப்பாகத் தெரிவது ஃபெல்ட்ஸ்பார், சாம்பல் கண்ணாடி மாதிரி இருப்பது குவார்ட்ஸ், கறுப்புப் பொட்டுகள் அபிரகம். சாயங்கால வெயிலில் கரை முழுக்க ரோஜா நிறமாக மாறுவதற்கு அந்த ஃபெல்ட்ஸ்பார்தான் காரணம்.

இப்போது கையை வைத்துத் தடவிப் பாருங்கள். பாறையின் ஒரு பக்கம் வழவழப்பாகத் திமிங்கலத்தின் முதுகு மாதிரி உருண்டிருக்கும். மறுபக்கம் பிய்த்து எடுத்தது போலக் கரடுமுரடாக இருக்கும். பனிக்காலத்தில் வடகிழக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் ஏறிய பக்கத்தைத் தேய்த்து, இறங்கிய பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. வழவழப்பான பக்கத்தில் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் பனிக்கு அடியில் சிக்கிய கற்கள் போட்டவை. இது முதல் தழும்பு.

இரண்டாவது தழும்பைத் தேட வேண்டும். எங்காவது பாறை திடீரென்று தட்டையாக, கூரான விளிம்போடு முடிகிறதா? அந்த விளிம்பில் குழாயை நெடுக்கில் பாதியாக வெட்டியது போல அரைவட்டப் பள்ளங்கள் வரிசையாக இருக்கின்றனவா? அது மனிதன் போட்டது. முதல் வருடம் நானும் அதை இயற்கை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உளியால் துளை போட்டு, ஆப்பு வைத்து, வரிசையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே வந்தால் கல் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். பிளந்த பாதி ஏதோ ஒரு நகரத்துக்குப் போயிருக்கும், மற்றப் பாதி இங்கே நிற்கிறது. துளை குட்டையாக இருந்தால் ஆப்புக்கு. கை நீளத்துக்கு மேல் ஆழமாக ஓடினால் வெடிமருந்துக்கு. பெரிய கட்டியைச் சிதறாமல் நகர்த்த, மெதுவாகத் தள்ளும் கறுப்பு வெடிமருந்தைப் போட்டார்கள்.

இந்தப் பாறை மேடு முழுதாக உடைபடாமல் தப்பியதற்கு ஒரு பெண் காரணம். கல்லா குர்மன், 1850-ல் பிறந்தவர், யோன்ஷோப்பிங் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கிய லுண்ட்ஸ்ட்ரோம் குடும்பத்து மகள். லீசெஷீலைக் கடல் குளியல் ஊராக வளர்த்த மருத்துவர் கார்ல் குர்மனின் மனைவி. கல்லுடைப்பு நெருங்கி வந்தபோது இங்குள்ள நிலத்தைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கினார். 1925-ல் அதை ராயல் ஸ்வீடிஷ் அறிவியல் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். கல்லுடைப்புக்குக் கூலிக்குப் போன குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்றும் நான் யோசிப்பதுண்டு. இரண்டையும் நினைத்துக்கொண்டு நில்லுங்கள். இந்த ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் இன்னொரு பக்கம் இருக்கிறது.

ஸ்வீடனில் யாரும் எங்கும் நடக்கலாம் என்ற பொது உரிமை உண்டு. அது வீட்டு முற்றத்துக்குள் நுழையவும் காப்பிடத்துக் கல்லை எடுக்கவும் கொடுத்த உரிமை இல்லை. பிள்ளைகளோடு போனால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வடக்குத் துறைமுகம்: மீன் வந்த காலம், மீன் போன காலம்

பாறையிலிருந்து இறங்கிப் பழைய ஊருக்குள் வாருங்கள். மர வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். ஏன் இவ்வளவு நெருக்கம்? மீனவருக்கு வேண்டியது படகுத்துறை, வயல் இல்லை. காற்றுக்கு மறைவான இடம் கொஞ்சம்தான். மண்ணே இல்லாத பாறையில் கிடைத்த பள்ளத்திலெல்லாம் வீடு வைத்தார்கள். வீட்டின் அடித்தளத்தைக் குனிந்து பாருங்கள், அதுவும் கிரானைட்தான். ஒழுங்கில்லாத கல் என்றால் பழைய வீடு. நேராகச் செதுக்கிய கல் என்றால் கல் தொழில் வந்த பிறகு கட்டியதாக இருக்கலாம்.

இந்தக் கரையின் பெரிய கதை ஹெரிங் மீன். இவர்கள் "சில்" என்பார்கள். மத்தியின் உறவு. சில காலங்களில் கோடிக்கணக்கில் கரைக்கு வரும், பல வருடங்கள் தொடர்ந்து வரும், அப்புறம் ஒருநாள் வராமல் போய்விடும். 1747 வாக்கில் தொடங்கிய வரத்து 1800-களின் முதல் பத்தாண்டு வரை நீடித்தது. கரையிலிருந்தபடியே பெரிய வலையை வளைத்து இழுத்தார்கள். உப்பு போட்டுப் பீப்பாயில் அடைத்தது போக மிச்சத்தைச் செப்புக் கொப்பரைகளில் கொதிக்க வைத்து எண்ணெய் எடுத்தார்கள். அந்த எண்ணெய் ஐரோப்பிய நகரங்களில் விளக்கெரித்தது.

கொப்பரை அடியில் தங்கிய கசடுக்கு ட்ரான்க்ரும்ஸ் என்று பெயர். அதைக் கடலில் கொட்டினார்கள். மீன் வராமல் போவதற்கு அதுதான் காரணம் என்று ஒரு சாரார் சொல்ல, எண்ணெய் முதலாளிகள் மறுக்க, அந்தச் சண்டையின் ஆவணங்கள் 1784-ல் அச்சாகின. தொழிற்சாலைக் கழிவு கடலைக் கெடுக்குமா என்று 240 வருடங்களுக்கு முன்பே இந்தக் கரையில் எழுதி விவாதித்திருக்கிறார்கள்! இன்று சுத்திகரிப்பு ஆலையைப் பற்றி ஊரில் நடக்கும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1784 ஞாபகத்துக்கு வரும்.

கொப்பரைகளுக்கு விறகு வேண்டும். முன்பே மேய்ச்சலாலும் வெட்டாலும் மெலிந்திருந்த மரங்கள் இன்னும் குறைந்தன. படங்களில் பார்க்கும் இந்த மொட்டைப் பாறை அழகில் அதற்கும் பங்கு உண்டு. கரையோரம் நடக்கும்போது புல்லுக்குள் பாதி புதைந்த செங்கல், சமமாக அடுக்கிய கல் வரிசை, பாறையில் அடித்த இரும்பு வளையம் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். வளையம் படகு கட்டியது. செங்கல்லும் கல் வரிசையும் உப்புக்கூடமோ எண்ணெய்க் கொப்பரையோ இருந்த இடமாகலாம். சரிபார்க்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன். 1877-லிருந்து 1906 வரை இன்னொரு முறை மீன் வந்தது. அந்த முறை ரயிலும் நீராவிக் கப்பலும் இருந்ததால் வியாபாரமே வேறு மாதிரி நடந்தது.

வெயில் வாங்க வந்தவர்கள்

தெற்குப் பக்கம் போனால் வீடுகள் சட்டென்று பெரிதாகும். கண்ணாடி போட்ட தாழ்வாரங்கள், மரத்தில் பூவேலை. அந்தப் பூவேலைக்கு ஸ்வீடிஷில் "தச்சனின் மகிழ்ச்சி" என்று பெயர், அழகான பெயர். 1800-களில் கடல் குளியலை மருந்தாக எழுதிக் கொடுத்த மருத்துவர்கள் இருந்தார்கள், அதில் கார்ல் குர்மன் முக்கியமானவர். அவர் 1870-களில் பழைய வடதேச பாணியில் கட்டிய வீடுகளின் கூரை முனையில் டிராகன் தலைகள் உண்டு. தேடிப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இங்கே வீட்டின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். கோடையில் பணக்கார விருந்தாளிகளுக்கு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் அடித்தளத்துக்கோ பின்கட்டுக்கோ குடிபோவது இந்தக் கரை முழுக்க இருந்த வழக்கம். கீழே சின்ன ஜன்னல், தனி வாசல், கொல்லைப்புறத்தில் ஒரு அறை. தன் வீட்டுக் கொல்லையிலேயே கோடை முழுக்கச் சமைத்துத் தூங்கிய குடும்பத்தின் கணக்கு அந்தச் சின்ன ஜன்னலில் இருக்கிறது.

ஊருக்கு மேலே நிற்கும் தேவாலயம் 1901-ல் கட்டியது, அட்ரியன் பீட்டர்சன் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. இதே நிலத்து இளஞ்சிவப்பு கிரானைட். சுவரில் கை வைத்துப் பாருங்கள், காலையில் தொட்ட அதே கல். ஆனால் இங்கே உளி போன ஒவ்வொரு வரியும் கவனமாகப் போயிருக்கிறது. கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரிவதால் படகோட்டிகளுக்கும் இது அடையாளம்.

கல்லுடைத்தவர்கள்

இதில் நிதானமாக நேரம் செலவிடுங்கள், அவசரப்படாதீர்கள்.

பூஹுஸ்லேனில் கல்லுடைப்பைத் தொழிலாக நடத்தத் தொடங்கியது 1842-ல், வடக்கே மால்மன் தீவில், குல்க்ரென் என்ற குடும்பத்தார். ட்ரோல்ஹெட்டன் கால்வாயின் நீர்ப்பூட்டுகளுக்குக் கல் தேவைப்பட்டது. 1870-களுக்குப் பிறகு ஐரோப்பிய நகரங்கள் தெருக்களுக்குக் கல் பாவ ஆரம்பித்ததும் கரை முழுக்கக் கல் சத்தம்தான். கப்பல் நேராகப் பாறை ஓரத்துக்கே வந்து கல்லை ஏற்றிக்கொள்ளலாம், வண்டிச் செலவு இல்லை. வேறு இடங்களிலும் கிரானைட் உண்டு. இங்கே அது கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதுதான் லாபம்.

ஊர்த் தெருவில் குனிந்து ஒரு தளக்கல்லைக் கவனியுங்கள். கையால் வெட்டிய கல்லில் ஆறு முகமும் ஒரே அளவாக இருக்காது. உட்கார்ந்த இடத்திலேயே சுத்தியலால் கட்டியைப் பாதியாக்கி, பாதியைக் காலாக்கிக்கொண்டே வருவார்கள். கல்லுக்கு உடையப் பிடித்த திசை, பிடிக்காத திசை உண்டு. அது கைக்குத் தெரிய வருடக்கணக்காகும். கூலி எண்ணிக்கைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. உளி மழுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு குவாரிக்கும் பக்கத்தில் ஒரு கொல்லர் பட்டறை. குவாரி இருந்த இடத்தைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் எளிய வழி: கழித்துப் போட்ட கல்குவியலைத் தேடுங்கள். உடைத்ததில் பெரும்பகுதி விற்கத் தகுதியில்லாமல் கழிந்தது. அந்தக் குவியல்கள் இன்னும் பாசி பிடித்துக் கிடக்கின்றன.

தூள் உள்ளே போய் சிலிக்கோசிஸ் வரும். மூச்சு வாங்கும், இருமல் நிற்காது. 1930-களின் மந்தத்தில் ஏற்றுமதி விழுந்தது, சாலைகள் தார் பூசிக்கொண்டன, கான்கிரீட் வந்தது. அரசாங்கமே நிவாரண வேலையாகத் தளக்கல் வெட்ட வைத்த காலமும் உண்டு. வாங்க ஆள் இல்லாத கல்லை வெட்டி அடுக்கிய அந்த மனிதர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

டப்பா, சந்தனம், "டுங்க் டுங்க்"

இந்தப் பகுதிக்குக் கட்டடத்தைவிட மனிதர்கள்தான் வழிகாட்டி. ஆகவே எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று சொல்கிறேன்.

இங்கே வயதில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்கு வாய் வராது. எனக்கு இன்னும் பக்கத்து வீட்டம்மா மனசுக்குள் "பாட்டி"தான். வாயில் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். போகும் முன் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள், காபிக்கு ஏதாவது கையால் செய்து கொண்டுபோங்கள். "இந்த ஊர் வரலாறு சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "அருங்காட்சியகத்தில் எல்லாம் இருக்கிறது" என்பார்கள், பேச்சு முடிந்துவிடும். நான் முதலில் செய்த தவறு அது. பிறகு ஒருநாள் "வேலை முடிந்து வந்தால் உங்கள் தலைமுடி என்ன வாசனை அடிக்கும்?" என்று கேட்டேன். அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினார்.

மீனும் மசாலாவும், என்றார். அவர் சின்ன வயதில் மீன் டப்பா ஆலையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் லீசெஷீலில் அப்படிப் பல ஆலைகள். மீன் காத்திருக்காது என்பதால் படகு வந்த நேரத்துக்கு ஆள் அனுப்புவார்கள், ராத்திரி என்றும் பார்ப்பதில்லை. குளிர்ந்த உப்புத் தண்ணீரில் விரல் வெடிக்கும். அடுக்கும் வேகத்துக்குத்தான் கூலி. பக்கத்தில் இருப்பவள் கை எவ்வளவு வேகம் என்று கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருப்பார்களாம்.

அந்த டப்பாக்களில் ஒன்றைக் கடையில் வாங்கிப் பாருங்கள். மேலே "அன்ஷூவிஸ்" என்று இருக்கும். நெத்திலி என்று நினைத்தால் உள்ளே இருப்பது ஸ்ப்ராட் என்ற சின்ன மீன், ஹெரிங்கின் தம்பி. சர்க்கரை, உப்பு, பட்டை, சந்தனம் சேர்த்து ஊற வைப்பது. ஆமாம், சந்தனம், அதாவது செஞ்சந்தனம். சிவப்புச் சாயம் அதிலிருந்து வருகிறது. கிறிஸ்துமஸுக்கு உருளைக்கிழங்கோடு க்ரீம் ஊற்றிச் சுடும் பலகாரத்தில் இதுதான் உயிர். நம்மவர்கள் அந்தச் சமையல் குறிப்பை ஆங்கிலத்தில் படித்துவிட்டு இத்தாலிய நெத்திலி போட்டு, உப்பு கரித்துத் தூக்கிப் போட்ட கதை எனக்குத் தெரியும். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பாட்டி சொன்ன இன்னொன்று சத்தம். 1900-களின் தொடக்கத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் வந்தது. ஸ்கேண்டியா என்ற பெயரில் லீசெஷீலிலேயே படகு எஞ்சின் செய்தார்கள். எஞ்சின் தலையில் ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். ஊதுவிளக்கால் அதைச் சிவக்கச் சூடாக்கி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் எண்ணெய் அந்தச் சூட்டிலேயே பற்றி ஓட ஆரம்பிக்கும். அப்புறம் அதன் சூட்டை அதுவே காத்துக்கொள்ளும். "டுங்க், டுங்க்" என்று மெதுவான அடி. எந்தப் படகு வருகிறது என்று சத்தத்தை வைத்தே மனைவிமார் சொல்லிவிடுவார்களாம். கோடையில் பழைய படகுக்காரர்கள் இன்னும் அதை ஓட்டிக் காட்டுவதுண்டு. கேட்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

ரயில் 1913-ல்தான் வந்தது, பயணிகள் ரயில் 1981-ல் நின்றும் போனது.

ப்ரூஃப்யோர்டன்

ஊருக்கு வடக்கே ப்ரூஃப்யோர்டன் என்ற ஆழமான கடல்வாய். 1975-ல் திறந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அங்கேதான் இருக்கிறது, ஸ்காண்டிநேவியாவிலேயே பெரியது. வருடத்துக்கு சுமார் 1.1 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன். ஏன் இந்த இடம்? கல்தான் காரணம். பனிப்பாளம் தோண்டிய பள்ளம் ஆழமானது, பெரிய எண்ணெய்க் கப்பல் உள்ளே வரலாம். பாறை உறுதியானது, அதற்குள் குகை குடைந்து கச்சா எண்ணெயைச் சேமிக்கலாம்.

ஆலைக்குள் போக முடியாது, வேலிக்குப் பக்கத்தில் நின்று கேமராவைத் தூக்கவும் வேண்டாம். தூரத்தில் பொதுச் சாலையிலிருந்து பாருங்கள், சாயங்காலம் சுடர் தெரியும். ஆலை வரும் முன்பே கடுமையான எதிர்ப்பு இருந்தது. 2020 செப்டம்பரில், அப்போது ஆலையை நடத்திய ப்ரேம் நிறுவனம் விரிவாக்கத்துக்குக் கொடுத்திருந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அந்த வாரங்களில் ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு கட்சி இருந்தது, எங்கள் வீட்டிலும். எங்கள் சோறு அந்த ஆலையிலிருந்து வருகிறது. மகள் பள்ளியிலிருந்து பருவநிலை பற்றிப் படித்துவிட்டு வருகிறாள். இரண்டையும் நான் உண்மையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

கடலுக்குள் சற்றுத் தள்ளி, 2006-ல் உப்சாலா பல்கலைக்கழகம் அலையிலிருந்து மின்சாரம் எடுத்துப் பார்க்கத் தொடங்கிய இடம் உண்டு. அடியில் ஜெனரேட்டர், மேலே மிதவை. கரையிலிருந்து பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

நேரம் இருந்தால் குல்மார்ன் கடல்வாயைப் படகில் கடந்து ஃபிஸ்கெபெக்ஷீல் போங்கள். நுழைவாயிலில் 40 மீட்டர் சொச்சம் ஆழம், உள்ளே 118 மீட்டர் வரை. வாசற்படி வைத்த அறை மாதிரி. அதனால் அடியில் தங்கும் குளிர்ந்த உப்பு நீரில் ஆழ்கடல் உயிர்கள் வாழ்கின்றன. அதற்காகத்தான் 1877-லேயே ஃபிஸ்கெபெக்ஷீலை ஒட்டிய கிறிஸ்டினெபெரியில் கடல் ஆய்வு நிலையம் வைத்தார்கள். பிள்ளைகள் இருந்தால் ஊருக்குள்ளேயே கடல்வாழ் உயிர்க் காட்சியகம் ஒன்று இருக்கிறது, 1993-ல் திறந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு: காகிதம்

நடந்து பார்த்ததைச் சரிபார்க்க வெளியூரிலிருந்தே முடியும். ஸ்வீடனின் நில அளவைத் துறை தன் பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 1930-களின் பொருளாதார வரைபடத்தைத் திறந்து, நீங்கள் கல்குவியல் பார்த்த இடத்தைத் தேடுங்கள். பூஹுஸ்லேன் அருங்காட்சியகம் உட்டெவல்லாவில் இருக்கிறது. அதன் பழைய புகைப்படங்களையும் இணையத்தில் பார்க்கலாம். கரையில் பார்த்த செங்கல்லும் கல் வரிசையும் என்னவென்று தேசியப் பாரம்பரியத் துறையின் தொல்லிடப் பதிவேட்டில் பெரும்பாலும் குறித்திருப்பார்கள்.

மனிதர்களைத் தேட, தேசிய ஆவணக் காப்பகத்தின் திருச்சபைப் பதிவேடுகள். அதற்கும் கட்டணம் இல்லை. பாதிரியார் வீடு வீடாகப் போய் யாருக்கு வாசிக்கத் தெரியும், யார் எங்கிருந்து வந்தார், என்ன தொழில் என்று எழுதி வைத்த ஏடுகள். லீசெஷீல் என்று தேடிக் கிடைக்காத பழைய காலத்துக்கு லீசே பங்கில் தேடுங்கள். 70 வருடத்துக்கு உட்பட்டவை ரகசியம். கையெழுத்து கடினம்தான், ஆனால் சில சொற்கள் தெரிந்தால் போதும், பக்கம் பேச ஆரம்பித்துவிடும்: ஃபிஸ்கரே என்றால் மீனவர், லூட்ஸ் என்றால் கப்பலுக்கு வழிகாட்டுபவர், ஸ்டேன்ஹுக்கரே என்றால் கல் வெட்டுபவர், எங்கா என்றால் விதவை. ட்ருங்க்நாட் என்றால் மூழ்கி இறந்தவர். அந்தக் கடைசிச் சொல் இந்தக் கரையின் ஏடுகளில் அடிக்கடி வரும். ஒரு ஊரை முழுதாகப் படிக்க முயலாதீர்கள். ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, தெரிந்த வருடத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

போன நவம்பரில் மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டியின் சமையலறையில் மடிக்கணினியை வைத்து அவர் குடும்பத்தின் பக்கத்தைத் திறந்தேன். அவர் அப்பாவின் பெயருக்கு எதிரே ஸ்டேன்ஹுக்கரே என்று எழுதி, அதை ஒரு கோடு போட்டு அடித்திருந்தது. மேலே சின்ன எழுத்தில், கூலியாள் என்று இருந்தது. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "அந்த உளிப்பெட்டி நான் பெரியவள் ஆகும் வரை கொட்டகையில்தான் இருந்தது. அப்பா அதை யாரையும் நகர்த்த விடவில்லை" என்றார். பிறகு எழுந்து போய் காபிக்குத் தண்ணீர் வைத்தார்.